மணியில ஒரு குறையுமில்லீங்க

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா தம்பி? காத்து ஆகாதுன்னு இல்லீங்க. மடியில இருக்கற டப்பாவுக்குள்ள தூசி போயிரும். ஆ, போதும், போதும். இல்லீங்க, பலகாரமெல்லாம் இல்ல. மணி. படுத்திருக்கறவங்க ஆளைக் கூப்பிடறதுக்கு அடிக்கற மணி. நானே பண்ணுனது. கடையில வாங்கி மூடியை மாத்துனது இல்லீங்க. உள்ள இருக்கற போர்டு மொதக்கொண்டு நானே வெட்டி, நானே ஈயம் வெச்சுப் பண்ணுனது.

நீங்க எதுவரைக்கும்? ஹோப் காலேஜா? நான் அதுக்கு முன்னாடி, சின்னியம்பாளையம். பெருந்துறையில மக வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். என்ர சம்சாரம் சுலோச்சனா அங்கதான் இருக்குது. கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. கோபமில்ல. இடுப்பெலும்பு ஒடஞ்சுது, அப்பறம் கையும் ஒடஞ்சுது, மக கூட்டிட்டுப் போயிருக்குது. அவ்வளவுதான்.

நான் பஞ்சு மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. வேலையில இருந்த காலத்துல ஒரு இடத்துல உக்காந்தது கிடையாது. ஒரு மெஷின் நின்னா இன்னொண்ணு, அது ஓடினா அடுத்தது. அப்படியே ஓடுன ஆளைத் திடீர்னு வீட்ல உக்காருன்னா எப்படிங்க? ஃபேனைக் கழட்டி கிரீஸ் வெச்சேன். மிக்ஸியைக் கழட்டுனேன். நல்லா ஓடிட்டிருந்த கிரைண்டரைக் கழட்டுனேன். அது மறுபடி ஓடல. "எங்காச்சும் போய் எதையாச்சும் படிங்க, என்ர சாமானத்தை விட்டுருங்க"ன்னு சொன்னதே சுலோச்சனாதான். அதை இப்ப ஒருத்தரும் நினைச்சுப் பாக்கறதில்ல.

எங்க பக்கத்து எஞ்சினியரிங் காலேஜுல சனிக்கிழமை சனிக்கிழமை வெளியாளுங்களுக்கும் வகுப்பு வெச்சாங்க. சர்க்யூட் போர்டு மில்லிங். நான் மில்லிங்னதும் நம்ம மில்லு வேலையாட்ட இருக்குதுன்னு போயிட்டேன். போய்ப் பாத்தா மேசை மேல வெக்கற மெஷினு. தையல் மெஷின் அளவுதான் இருக்கும். செம்புத் தகடு ஒட்டுன அட்டையை அதுல படுக்க வெச்சா, ஊசி மாதிரி ஒரு பிட்டு சுத்திச் சுத்தி வந்து செம்பை மயிர் கனத்துக்குச் சீவி எடுக்குது. சீவாம விட்ட செம்புதான் கரண்டு போற பாதை. ஒயரே வேண்டியதில்ல. நான் வாயைத் தொறந்துட்டுப் பாத்துட்டு நின்னேன். இத்தனை வருசம் மெஷினோட இருந்திருக்கறேன், இது தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு.

சொல்லிக் குடுத்தது ஜெனிஃபர் மேடம். நாகர்கோயில்காரங்க. நம்ம மக வயசுதான் இருக்கும். அவங்களுக்கு என்னைப் பத்தி ஒரே புகாரு. "சென்னியப்பன் சார், அவசரப்படாதீங்க." எனக்கு அவசரமே கிடையாதுங்க. பிட்டு போர்டைத் தொட்ற எடத்தை மெதுவா இறக்கிப் பாத்துக் குறிக்கோணும். நான் சடக்குன்னு இறக்குனேன், முனை படக்குன்னு போச்சு. அடுத்ததும் போச்சு. அப்பறம் பிட்டு ஒடையல, அட்டை மேடு பள்ளமா ஒட்டியிருக்குது, ஒரு மூலையில ஆழமா அறுத்துருச்சு, எதிர் மூலையில செம்பைத் தொடவேயில்ல. அதுவும் சரியாச்சு. அப்பத்தான் பாத்தா, படத்தைக் கண்ணாடியில பாக்கறாப்பல திருப்பிப் போட மறந்துட்டேன். போர்டுல உக்கார வெக்கற சில்லு, சிப்புன்னு சொல்லுவாங்களே, அத்தனையும் தலைகீழா நிக்குது. பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மனசுக்குள்ள ஒரே அரிப்புங்க. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எப்படிங்க பொறுக்கறது? அதனால அதே மாதிரி சின்ன மெஷின் ஒண்ணை வாங்கி மாடி ரூம்ல வெச்சுட்டேன். தூசி வருமுங்க, கண்ணாடி நாரு கலந்த தூசி, மூச்சுக்கு ஆகாது. அதுக்குத்தான் மாடி. வேற ஒண்ணுமில்ல.

ஈயம் வெக்கறது அதை விடப் பாடு. நான் என்ன நினைச்சேன், சூட்டுக்கோலு, அயன்ம்பாங்க, அதுல ஈயத்தை உருக்கிட்டுப் போய் ஒட்டு வெக்கறதுன்னு. அப்படி இல்லீங்க. சில்லோட காலையும் செம்பையும் ரெண்டையும் சேர்த்துச் சூடு பண்ணோணும். சூடு ஏறினா ஈயம் தானா ஓடி வந்து சுத்தி உக்காரும். சின்னக் கோபுரமாட்டப் பளபளன்னு நிக்கும். சூடு பத்தாம வெச்சா மங்கலா உருண்டையா நிக்கும். பாக்கறதுக்கு ஒட்டுன மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒட்டியிருக்காது. என்ர ஒட்டெல்லாம் உருண்டைதான். ஜெனிஃபர் மேடம் லென்ஸை வெச்சுப் பாத்துட்டு, "சார், கூட ஒரு மூச்சு நேரம் இருங்க. அங்கேயே இருங்க. நகராதீங்க" அப்பிடீம்பாங்க. எனக்கு அதுதான் ஆகாதது.

அந்த சமயத்துலதாங்க சுலோச்சனா விழுந்தா. கொடியில இருந்து துணி எடுக்கறப்ப வழுக்கி, இடுப்பெலும்பு. ஆபரேசன் பண்ணி பிளேட்டு வெச்சாங்க. எழுந்திரிக்கக்கூடாது, பாத்ரூம் போகோணும்னா ஆள் பிடிக்கோணும். மக கோகிலவாணி லீவு போட்டுட்டு வந்து கொஞ்ச நாள் பாத்துட்டு, "ஒரு ஆள் போட்டுக்கலாம்ப்பா"ன்னுச்சு. நான் இருக்கறப்ப ஆள் எதுக்குங்க? வீட்டை விட்டு எங்கயும் போறதில்லையே. மாடியிலதான இருக்கறேன்.

ஆனா மாடியில ஒரு சிக்கல். மெஷினு ஓடறப்ப ஒண்ணும் கேக்காது. இவ கீழ இருந்து "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கூப்பிட்டுட்டே இருந்திருக்கறா. நான் மெஷினை நிறுத்திட்டு இறங்கி வந்து பாத்தா முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிட்டுப் படுத்திருப்பா. "கூப்பிட்டயா?"ன்னா, "கூப்பிட்டேன், அப்பறம் விட்டுட்டேன்" அப்பிடீம்பா. இப்படி அடிக்கடி. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. மெஷின் சத்தத்தையும் மீறி அடிக்கற மாதிரி ஒரு மணி பண்ணிட்டா? பாருங்க, படிச்ச படிப்பு எங்க வந்து உதவுது பாருங்க!

சொன்னதும் கோகிலவாணி ஃபோன்லயே ஒண்ணை ஆர்டர் பண்ணி அனுப்பிருச்சு. பிளாஸ்டிக்கு. கட்டில்ல ஒரு பட்டனு, இந்தப் பக்கம் ஒரு டிங்டாங். தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதை எடுத்துப் பரண்ல போட்டுட்டேன். பேட்டரி தீந்துட்டா யாரு பாக்கறது? நான் பண்ணறேன்னு சொன்னா பண்ணுவேன்.

அதுக்கப்பறம் எனக்குச் சோறு தண்ணி இல்லீங்க. போர்டு வெட்டுவேன், ரெண்டு கோடு ஒட்டிக்கும். மறுபடி வெட்டுவேன். ஈயம் ரெண்டு காலுக்கும் பாலம் போட்டுக்கும், உறிஞ்சி எடுப்பேன், செம்பு உரிஞ்சுட்டு வந்துரும். மறுபடி. முழுநாளும் மாடியிலதான். யாருக்காக? அவளுக்காகத்தான? அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கோணும், அதுக்காகத்தான? ஒரு நாள் கஞ்சி கொண்டு போய்க் குடுக்கறப்ப, "கொஞ்ச நேரம் இப்படி உக்காருங்க"ன்னா. "மணி முடிஞ்சுட்டா அப்பறம் உக்காந்துட்டே இருக்கலாம், பொறு"ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்.

முடிஞ்சுது. கட்டில் தலைமாட்டுல பட்டனு, மாடியில மணி, நடுவுல ஒயரு. மொத தடவை அடிச்சப்ப மாடி ரூமே அதிர்ந்துச்சுங்க. மெஷினை ஓட விட்டே அழுத்தச் சொன்னேன். அப்பவும் கணீர்னு கேட்டுச்சு. ஜெனிஃபர் மேடத்துகிட்ட ஃபோட்டோ காட்டுனேன். "ஜாயிண்ட் எல்லாம் நல்லா வந்திருக்கு சார்"னாங்க. அன்னைக்கு நான் தரையில நடக்கலீங்க.

உடனே ரெண்டாவது மணி ஆரம்பிச்சேன். எதுக்குன்னா, மொத மணியில சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இல்ல. ஒரு லைட்டும் வெச்சுட்டா நல்லா இருக்கும்.

இந்த பஸ்ஸு ஏன் இப்படி உருட்டறான்? முன்னாடி லாரியா? சரி சரி.

ஒரு நாள் மத்தியானம். நான் ரெண்டாவது போர்டுல ஐசிங்கற சில்லுக்கு ஈயம் வெச்சுட்டிருந்தேன். கடைசிக் காலு. அயன் காலைத் தொட்டுட்டிருக்குது, சூடு ஏறிட்டிருக்குது. மணி அடிச்சுது. தம்பி, நீங்க சொல்லுங்க, அந்தப் பக்குவத்துல கையை எடுக்க முடியுமா? எடுத்தா உருண்டைதான். அங்கேயே இருங்க, நகராதீங்கன்னு மேடம் எத்தனை தடவை சொல்லியிருக்காங்க! இருந்தேன். மறுபடி அடிச்சுது. ஈயம் அப்பத்தான் ஓடுது. அப்பறம் நீளமா ஒரு தடவை அடிச்சுட்டு நின்னுருச்சு. நின்னதும் சரி, தண்ணி கிண்ணி எடுத்துக்கிட்டா போல இருக்குதுன்னு, லென்ஸை வெச்சு ஒட்டைப் பாத்தேன். கோபுரம்! மொத தடவையா பிசிறில்லாத கோபுரம். அயன் முனையைத் தொடச்சு, துளி ஈயம் பூசி வெச்சேன். பூசாம வெச்சா முனை கருகிப் போயிருமுங்க. அப்பறம் இறங்கி வந்தேன்.

வந்து பாத்தா, பக்கத்து வீட்டு நாச்சம்மா அக்கா தரையில உக்காந்திருக்காங்க. சுலோச்சனா தலை அவங்க மடியில. பாத்ரூம் வாசப்படிகிட்ட. தானா எழுந்து போகப் பாத்திருக்கறா. பொடவையெல்லாம் நனைஞ்சு போயி, இடது மணிக்கட்டு ஒரு தினுசாத் திரும்பியிருக்குது. மோட்டு வளையைப் பாத்துட்டுப் படுத்திருந்தா. நாச்சம்மா அக்கா என்னை நிமிர்ந்து பாத்து, "மணி அடிச்சுட்டே இருந்துச்சே, உங்களுக்குக் கேக்கலீங்களா?"ன்னாங்க.

"கேட்டுச்சுங்க்கா"ன்னேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்குது பாருங்க. நடுவுல ஒரு காம்பவுண்டுச் செவுரு, ஒரு சந்து. அவ்வளவு தாண்டியும் கேட்டிருக்குது.

மாவுக்கட்டுப் போட்டாங்க. நல்லவேளை இடுப்புல வெச்ச பிளேட்டுக்கு ஒண்ணும் ஆகல. சாயங்காலம் கோகிலவாணி வந்துச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல என்னை உக்கார வெச்சுக் கேட்டுச்சு.

"மணி அடிக்கலியாப்பா?"

"அடிச்சுது கண்ணு. மணியில ஒரு குறையுமில்ல."

என்னையே பாத்துட்டிருந்துச்சு. நான் அது நம்பலையாக்கும்னு, "வேணும்னா நாச்சம்மா அக்காவைக் கேட்டுப் பாரு, அவங்களுக்கே கேட்டிருக்குது"ன்னேன். எழுந்துச்சு. நேரா வீட்டுக்குப் போய் அவங்கம்மா துணியெல்லாம் எடுத்துப் பைல வெச்சுருச்சு. "நான் பாத்துக்கறேன்ப்பா, நீங்க உங்க வேலையைப் பாருங்க"ன்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போயிருச்சு. சுலோச்சனாவும் ஒரு வார்த்தை, போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை? கார்ல ஏறி உக்காந்துட்டா.

எனக்கு ஆத்தாமையா இருக்காதுங்களா? அத்தனை நாளு கண்ணு எரிய, விரலைச் சுட்டுக்கிட்டுப் பண்ணியிருக்கறேன். அது ஒழுங்கா வேலையும் செஞ்சிருக்குது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், மணி நல்லா இருக்குதுன்னு சொல்லலீங்க.

வீட்ல தனியா இருக்க முடியல. சத்தத்துக்கு மெஷினைச் சும்மாவே ஓட விடுவேன். அப்பறம்தான் வைஃபை யோசனை வந்துச்சு. அவ பெருந்துறையில பட்டனை அழுத்துனா சின்னியம்பாளையத்துல மணி அடிக்கோணும். அன்னைக்கு முடிச்ச அந்த ரெண்டாவது போர்டு சும்மாதான கிடக்குது, அதுலயே வைஃபை சில்லு ஒண்ணைச் சேத்தேன். புரோகிராமுக்கு ஜெனிஃபர் மேடத்துகிட்டப் போனேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, "சார், அவங்க அங்க அழுத்தினா நீங்க இங்கிருந்து என்ன செய்வீங்க?"ன்னாங்க.

"கூப்பிடறான்னு தெரியுமல்லங்க"ன்னேன்.

லேப்டாப்பைத் தொறந்தாங்க. எழுதிக் குடுத்துட்டாங்க.

கொண்டு போனேன். சுலோச்சனா அப்ப ஊன்றுகோல் வெச்சு நடக்க ஆரம்பிச்சிருந்தா. ரெண்டு டப்பாவையும் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்பறம் பட்டன் டப்பாவை என்கிட்ட நீட்டுனா. "இதை நீங்க வெச்சுக்குங்க. மணி என்கிட்ட இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு? எனக்கென்ன கேடு?"

"ஒத்தையில இருக்கறது நீங்கதானுங்களே"ன்னா.

பண்ணுனவன் நானு, எதை எங்க வெக்கோணும்னு அவ சொல்றா. போகுது, உடம்பு சரியில்லாத பொம்பளைகிட்ட என்ன வாதுன்னு விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு தடவை அழுத்திப் பாத்தேன். வேலை செய்யுதான்னு தெரியோணுமில்லீங்களா? உடனே ஃபோன் வந்துருச்சு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. டெஸ்ட்டு."

"சாப்டீங்களா?"

அப்படியே ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்கோணும், சீரகம் எந்த டப்பாவுல இருக்குதுன்னு கொஞ்ச நேரம் பேசிட்டு வெச்சா. எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு தடவை டெஸ்ட்டு பண்ணிட்டு விட்டுரக்கூடாதுங்க. ஈரக்காத்துக்கு ஒட்டு விட்டுக்கும். அதனால தினமும் காலையில டெஸ்ட்டு பண்ணுவேன். அப்பறம் சாயங்காலமும். மழை வந்தா நடுவுலயும். எப்ப அழுத்தினாலும் ஃபோன் வந்துரும். நல்ல மணிங்க அது.

இன்னைக்குக் காலையில அழுத்துனேன். ஃபோன் வரல.

மறுபடி அழுத்துனேன். நானே ஃபோன் பண்ணுனேன், அடிச்சுட்டே இருக்குது, எடுக்கல. ஒட்டு விட்டுருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அயனையும் ஈயத்தையும் பையில போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். சீட்டு காலியாத்தான் இருந்துச்சு, நின்னுட்டே போனேன். கண்டக்டரு ரெண்டு தடவை வந்து, "பெரியவரே, உக்காந்தாலும் பஸ்ஸு இதே வேகத்துலதான் போகும்"னாரு. கோகிலவாணிக்குப் பண்ணுனா, அது டீச்சருங்க, வகுப்புல இருக்கும்போல, அதுவும் எடுக்கல. இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போனா வீடு பூட்டிக் கிடக்குது.

எதுத்த வீட்டுப் பொண்ணு, "அம்மா பார்க்குல நடக்கப் போயிருக்காங்க"ன்னுச்சு. ஓடுனேன். பாத்தா, நாலு பொம்பளைங்களோட பேசிட்டே வேப்பமரத்துக்கிட்ட நடந்து வர்றா. ஊன்றுகோலைக் கக்கத்துல வெச்சுட்டு நடக்கறா! சிரிக்கறா. அவ சிரிச்சு நான் பாத்து எத்தனை மாசமாச்சு? வெயில் இன்னைக்குக் கடுமைங்க. அங்கிருந்த திட்டுல உக்காந்துட்டேன். அவளே பாத்துட்டு வேகமா வந்தா.

"என்னங்க ஆச்சு? இப்படி வேர்த்து ஊத்துது?"

"மணி அடிச்சேன்."

"ஃபோனை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேனுங்க."

"அப்ப நான் மணி பண்ணிக் குடுத்தது எதுக்கு?"

"நான் எந்நேரமும் அதுகிட்டயே உக்காந்திருக்க முடியுங்களா?"ன்னா. கோபமாச் சொல்லல. முந்தானையால என்ர நெத்தியைத் தொடச்சுட்டே சொன்னா.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பிரிச்சேன். ஒரு ஒட்டும் விடல. எல்லாம் நல்லா இருந்துச்சு. வந்ததுக்கு எல்லாத்தையும் இன்னொரு தடவை சூடு காட்டலாம்னு அயனைச் சொருகுனேன். சுலோச்சனா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்தா. இதுவரைக்கும் அவ இதை உக்காந்து பாத்ததே இல்லீங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நான் விழுந்தன்னைக்கு நீங்க ஒட்டிட்டிருந்தது எது?"ன்னா.

காட்டுனேன். ஐசியோட மூலையில, கடைசிக் காலு.

என்ர கையில இருந்து லென்ஸை வாங்கி, குனிஞ்சு, அதையே பாத்துட்டிருந்தா. அவ உச்சி வகிடு முச்சூடும் நரைச்சுப் போச்சுங்க, அத்தனை கிட்டத்துல அப்பத்தான் பாக்கறேன். அப்பறம் லென்ஸைக் கீழ வெச்சுட்டு, "நல்லாத்தான் இருக்குது"ன்னா.

தம்பி, இத்தனை மாசத்துல மொத தடவையா என்ர குடும்பத்துல ஒருத்தர் வாயால அந்த வார்த்தை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்திருக்கோணும்! ஆனா லென்ஸை எடுத்துப் பாத்தா அந்த ஒட்டு எனக்கு மங்கலாத் தெரியுது. ஈயப் புகையா இருக்கும். ஃபேன் போடாம ஒட்டுனா அப்படித்தான்.

அப்பறம் மெல்லச் சொன்னேன், "ரெண்டு டப்பாவும் நம்ம வீட்லயே இருந்துட்டா இந்த வைஃபை எல்லாம் வேண்டியதே இல்ல. சும்மா ரெண்டு ஒயரு போதும். சர்க்யூட்டும் சின்னதாயிரும்."

"மெஷினை மாடியில இருந்து இறக்குங்க. ஹால்ல என்ர கட்டிலுக்கு எதுக்கால வைங்க"ன்னா.

"தூசி பறக்குமே."

"பெட்டி கட்டி மூடுங்க. ஃபிட்டருதானுங்களே நீங்க."

"சத்தம்?"

"போடட்டும். தாங்க முடியலைன்னா நானே எழுந்து வந்து நிறுத்திக்கறேன்"னா. சொல்லிட்டு மணி டப்பாவையும் என்ர கையிலயே குடுத்துட்டா. "இறக்கி வெச்சுட்டு ஃபோன் பண்ணுங்க. இதையெல்லாம் அழுத்திட்டிருக்காதீங்க."

அதான் இப்ப போயிட்டிருக்கறேன். பெட்டிக்கு அக்ரிலிக் சீட்டு வாங்கோணும், தூசி உறிஞ்ச ஒரு குழாய் மாட்டோணும், கட்டிலைக் கொஞ்சம் நகத்தோணும். இல்லீங்க, ஆள் எதுக்கு? மெஷினு ஒண்ணும் கனமில்ல. நான் ஒத்தையிலதான் மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். இறக்கறதுக்கு ஒரு நிமிசம் ஆகாது.

என்ன கேட்டீங்க? மொதல்லயே கீழ வெச்சிருக்கலாமேன்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவ சொல்லலீங்களே! இன்னைக்குத்தான் வாயைத் தொறந்து சொல்றா. அதுக்கு முன்னாடி ஒண்ணு ஏனுங்கன்னு கூப்பிடுவா, இல்லைன்னா மணியை அடிப்பா. அதுல நான் என்னத்தைங்க தெரிஞ்சுக்கறது?

என்ன, பஸ்ஸு நின்னே போச்சு? சிக்னலா? இன்னும் எவ்வளவு நேரம் நிப்பான்? அந்தா, எங்க ஊர் தண்ணி டேங்க் தெரியுது. ஸ்டாப்பு வரைக்கும் யாரு உக்காந்திருக்கறது... காலை ஒதுக்குங்க தம்பி, நான் இங்கயே இறங்கி நடந்துக்கறேன். கண்டக்டர், கதவைத் தொறங்க!